பாசி மேயும் அந்துப்பூச்சியை எப்படி ரசிப்பது?

ஸ்ரீரங்கம் மேலணைப் பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூக்களையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை மரப்பட்டை அருகிலும் கொஞ்சம் நில்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பட்டையிலும் பழைய மதில்களிலும் படரும் பாசியும் மரப்பாசியும் சில அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு மேய்ச்சல் நிலம். நம் குழம்பில் மணக்கும் கல்பாசியும் ஒரு மரப்பாசிதான்.

இலை தின்னும் புழுக்களே உலகில் மிகுதி. பாசியை நம்பி வாழ்பவை கொஞ்சம். மைக்ரோப்டெரிஜிடே என்னும் மிகப் பழைய குடும்பத்தின் புழுக்கள் ஈரப் பாசிக்குள் வளர்கின்றன. அவற்றின் வளர்ந்த பூச்சிக்கு உறிஞ்சுகுழல் இல்லை. தாடையால் மகரந்தத்தை மென்று தின்னும். குளிர்ந்த, ஈரமான இடங்களின் உயிர்கள் அவை. திருச்சி வெயிலில் தேட வேண்டாம்.

இங்கே தேட வேண்டியது சயானா. வெள்ளைச் சிறகில் சிவப்போ ஆரஞ்சோ கோடு ஓடும் சிறு அந்துப்பூச்சி. அழகுதான், ஆனால் என்னைக் கேட்டால் சிறகைவிட அதன் கூடே பெரிய அதிசயம். மரப்பாசியும் நுண்பாசியும் தின்று வளர்ந்த புழு, தன் உடம்பின் நீண்ட மயிர்களையே எடுத்துப் பட்டு நூலால் கோத்துக் கொசுவலைபோல ஒரு கூண்டு கட்டுகிறது. அதன் நடுவில், சுவரில் படாமல் கூட்டுப்புழு தொங்கும். கண்ணுக்கு நேரே இருந்தாலும் ஏதோ தூசி என்று கடந்துவிடுவோம். அதனால் டார்ச் ஒளியைப் பட்டைக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மயிர்களின் நிழல் விழும், கூண்டு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் பின்னலே தெரியும். விரல் மட்டும் வைக்காதீர்கள். புழு மயிர் சிலருக்கு அரிப்பு தரும்.

வளர்ந்த பூச்சியைப் பார்க்க, அமாவாசையை ஒட்டிய இரவில் மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கேற்றுங்கள். வந்து அமர்ந்ததும் விரட்டாமல் சிறகு மடியும் விதத்தைக் கவனியுங்கள். கோடுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். அத்தனை எழுதிய பிறகும் நம் ஊர் மாடிகளில் பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். மழை முடிந்ததும் வீட்டு மதிலைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க ஆளைக் கூப்பிடுவீர்கள். அதற்கு முன் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள், கூண்டு தொங்கும் பக்கத்தை மட்டும் பூச்சி வெளியேறும்வரை விட்டுவையுங்கள்.