சம்பா வைக்கோல் படுக்கை: முயலுக்குச் சரி, கினிப்பன்றிக்கு?

செல்லப்பிராணிக் கடையில் முயல் கூண்டுக்கு விரிப்பு கேட்டால் பையில் அடைத்த மரச்சீவலைத் தருவார்கள். கொஞ்சம் பெரிய கடையென்றால் காகித உருண்டை, மக்காச்சோளத் தக்கைத் துகள் என்று வகை கூடும். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட எளிதாகக் கிடைக்கும் பொருள் வைக்கோல். தை அறுவடை முடிந்துவிட்டால் வயலோரமெங்கும் அதுதான் கிடக்கும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு முயல்களும் இரண்டு பெண் கினிப்பன்றிகளும் தனித்தனிக் கூண்டுகளில் வளர்கின்றன. தையில் வாங்கிய வைக்கோலைக் கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் விரித்துப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஈரத்தை உறிஞ்சுமா என்பதே முதல் கேள்வி. உறிஞ்சாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள தட்டுகளில் வைக்கோல், மரச்சீவல், கிழித்த செய்தித்தாள், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைப் பரப்பி ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். நார்க்கழிவு சுவடே தெரியாமல் குடித்துவிட்டது. செய்தித்தாள் ஊறிக் கூழானது. மரச்சீவல் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. வைக்கோல் தட்டைச் சாய்த்தால் தண்ணீர் மூலைக்கு ஓடி வந்தது. நெல்தாளின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. மண்ணிலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளும் சிலிக்காவும் அந்தத் தோலில்தான் படிகிறது. காய்ந்த வைக்கோலின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதுவே. வயலில் நின்றபோது பூச்சியையும் பூஞ்சையையும் தடுத்த அந்தக் கவசம், கூண்டில் சிறுநீரையும் உள்ளே விடுவதில்லை.

இது குறை மட்டுமல்ல, வைக்கோலின் பலமும் இதுவே. ஈரம் தங்காமல் கீழே இறங்குவதால் மேற்பரப்பு காய்ந்தே இருக்கிறது. தாள் உள்ளே குழலாக இருப்பதால் படுக்கை எளிதில் அமுங்கிப்போவதில்லை. அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கிறது. மரச்சீவலில் படுத்து எழுந்த முயலின் வயிற்று மயிரில் ஈரத் துகள் ஒட்டியிருக்கும். வைக்கோலில் படுத்த முயல் உலர்ந்த வயிற்றோடு எழுந்திருக்கிறது. ஈக்கள் மொய்க்கும் மாதங்களில் இது சின்ன விஷயமல்ல. ஈரமும் கழிவும் படிந்த மயிரில்தான் ஈ முட்டையிடும். புழு பொரித்துவிட்டால் ஓரிரு நாளில் முயலின் உயிருக்கே ஆபத்து.

ஆனால் கீழே இறங்கிய சிறுநீர் எங்கேயும் போய்விடவில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்க, அம்மோனியா கிளம்புகிறது. நமக்கு நெடி எட்டுவதற்கு முன்பே, தரையை ஒட்டி மூச்சுவிடும் இந்தப் பிராணிகளுக்கு அது எட்டிவிடுகிறது. அதனால் வைக்கோலைத் தனியாக விரிக்கவே கூடாது. அடியில் சில மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் இரண்டு விரற்கடை மரச்சீவல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாண் உயரத்துக்கு உதறிய வைக்கோல் என்று அடுக்கினால் மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன. தச்சுப்பட்டறையில் சும்மா கிடைக்கும் சீவலை அப்படியே அள்ளி வராதீர்கள். ஒட்டுப்பலகைப் பசையும் வார்னிஷும் அதில் கலந்திருக்கலாம். பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் பதப்படுத்தாத சீவல் மூச்சுக்கும் கல்லீரலுக்கும் ஆகாது.

முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோன்ற தசைத்திண்டு கிடையாது. அடர்ந்த மயிர்தான் அதற்குக் காப்பு. கம்பி வலையிலும் ஈரமான சிமெண்ட் தரையிலும் நாள் முழுக்க உட்காரும் முயலுக்குக் குதிகால் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, கடைசியில் புண்ணாகிவிடும். உடல் கனத்த இனங்களுக்கு இது சீக்கிரம் வரும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வளர்க்கப்படும் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற கனத்த இனங்களைத்தான் இங்கே பலரும் வாங்கி வளர்க்கிறார்கள். அவற்றுக்கு வைக்கோல் மெத்தை உண்மையிலேயே நல்லது. எங்கள் முயல்கள் அதில் படுப்பதோடு நிற்பதில்லை. முன்னங்காலால் பறிக்கின்றன, வாயில் கவ்வி இடம் மாற்றுகின்றன, ஒரு மூலையில் குவித்துப் பின்புறமாய் அதற்குள் சாய்ந்து கிடக்கின்றன. வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை இவை. கூண்டில் மண் இல்லை. இந்தத் தாளாவது பறிக்கக் கிடைக்கட்டும்.

சினை முயல் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கருக்காலம் சுமார் 31 நாள். ஈனுவதற்குச் சில நாள் முன்பு பெட்டியும் வைக்கோலும் வைத்துவிட்டால் தாய் அதை வாய்நிறையக் கவ்விக்கொண்டு போய்க் குழிவாக அமைத்து, தன் வயிற்று மயிரைப் பிடுங்கி உள்ளே பரப்பும். குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறப்பவை. இந்த இரட்டைப் படுக்கைதான் முதல் வாரத்தில் அவற்றைக் குளிரிலிருந்து காக்கும். மரச்சீவலில் இப்படிக் கூடு நிற்காது, சரிந்துவிடும்.

எந்த வைக்கோல் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. குறுவை அறுப்பது புரட்டாசி, ஐப்பசியில். மழையில் நனையாத குறுவை வைக்கோல் கிடைப்பது அரிது. சம்பா தையில் அறுவடையாகிப் பனியும் வெயிலுமாகக் காய்கிறது. வாங்கினால் சம்பா வைக்கோல்தான் வாங்க வேண்டும். கையால் அறுத்துக் களத்தில் அடித்து, மாட்டை விட்டு மிதிக்கவைத்த வைக்கோல் துவண்டு மெத்தென்றிருக்கும். இன்று அது கிடைப்பது அருமை. அறுவடை இயந்திரம் கக்கிப்போட்டதைக் கட்டும் இயந்திரம் சுருட்டித் தருகிறது. அதில் தூசியும் மண்ணும் அதிகம், தாளின் முறிந்த முனைகளும் கூர்மையாக இருக்கின்றன. இந்தக் கட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு வைக்கோல் கொடுத்த பெரியவர் சொன்னார்: “கட்டைப் பிரிச்சுப் பாத்து எடு தம்பி. மேல பொன்னு மாதிரி இருக்கும், உள்ள கருத்துக் கெடக்கும்.” ஈரத்தோடு சுருட்டிய கட்டு நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. முகர்ந்தால் புழுங்கல் நாற்றம், உதறினால் சாம்பல் நிறத் தூள். அதைக் கூண்டுக்குள் வைப்பதும் விஷத்தை வைப்பதும் ஒன்றுதான். பூஞ்சை வித்துகள் நேரே நுரையீரலுக்குப் போகும். எலி புழங்கிய போரிலிருந்தும் எடுக்காதீர்கள். எலியின் சிறுநீர் பட்ட வைக்கோலால் எலிக்காய்ச்சல் வளர்ப்பவர்களுக்கும் வரலாம்.

வைக்கோலை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதன்பிறகு உதறித் தூசியைப் போக்கி எடுத்துவந்தேன். உதறுவதைக் கூண்டிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் வைக்கோல் தோற்றுப்போகிறது, இதை மறைக்க முடியாது. காற்றைச் சிறைபிடித்து வெப்பம் காப்பதுதான் அதன் குணம். முயலுக்கு வியர்க்காது, காது மடல்களில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணற ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் முயல்கள் தாமாகவே வைக்கோலை ஒதுக்கிவிட்டு வெறும் தரையில் வயிற்றை ஒட்டிக் கிடந்தன. அவை சொல்வதைக் கேட்பதுதான் முறை. கோடையில் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய வைக்கோல் வைத்து, மீதித் தரையில் ஓடோ கடப்பைக் கல்லோ போட்டுவிட்டேன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வளர்ப்பவர்களுக்கு மார்கழிக் குளிரில் ஒரு சாண் போதாது, இரண்டு சாண் போட்டாலும் தகும்.

இனிக் கினிப்பன்றி. கடைக்காரர்கள் முயலையும் இதையும் ஒரே கூண்டில் காட்டுவதால் ஒரே படுக்கை போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டையும் ஒன்றாக அடைப்பதே சரியல்ல. முயல் தனக்கு நோயே காட்டாமல் சுமக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரும். படுக்கையும் வேறாகத்தான் வேண்டும். ஆண்டிஸ் மலைப் புல்வெளிகளில் புல்லுக்கடியில் பாதை போட்டு ஓடிய இனம் இது. வளை தோண்டாது, கூடும் கட்டாது. குட்டிகள் இரண்டு மாதத்துக்கும் மேல் கருவில் இருந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். வைக்கோலைப் பார்த்ததும் எங்கள் இரண்டும் அதற்குள் தலையை நுழைத்துச் சுரங்கம்போல் வழி போட்டுக்கொண்டன. பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. கவலையும் அங்கேதான். அவற்றின் கண்கள் தலையின் இருபக்கமும் வெளியே துருத்தி நிற்பவை. நிலத்திலிருந்து சில அங்குலத்தில் இருப்பவை. முறிந்த நெல்தாளின் முனை கருவிழியைக் கீறிவிடும். துணுக்கு இமைக்குள் சிக்கிக்கொண்டால் புண்ணாகிப் பார்வையே போகலாம். கண்ணில் நீர் வழிந்தாலோ, ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, வெண்படலம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்; நாளை பார்க்கலாம் என்பது இதில் ஆகாது.

அதனால் கினிப்பன்றிக் கூண்டில் வைக்கோலை நிறுத்திவிட்டேன். அடியில் செய்தித்தாள், மேலே துவைத்துப் போடக்கூடிய கம்பளித்துணி, ஒளிந்துகொள்ளக் காய்ந்த கொழுக்கட்டைப் புல் ஒரு குவியல். இந்தப் புல் இலை மிகுந்தது, வளைந்து கொடுக்கிறது, படுத்தபடியே தின்னலாம்.

தின்பது பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடக்கும் வைக்கோலை முயல் கடிக்கத்தான் செய்யும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்குகூடத் தேறுவது கடினம். மணியைப் பிரித்தபின் மிஞ்சிய தண்டு அது. வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. காய்ந்த புல்லைத் தனித் தொட்டியில் எப்போதும் நிறைத்து வையுங்கள். கினிப்பன்றிக்கு வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பதால் நாள்தோறும் குடைமிளகாயோ கொத்தமல்லித் தழையோ கட்டாயம்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையைத் தினமும் மாற்றிவிட்டால் மீதிப் படுக்கை ஒரு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் அதில் பாதி நாள்தான் தாங்கும். கழித்த வைக்கோலைக் குப்பைவண்டியில் போடாதீர்கள், கொளுத்தவும் வேண்டாம். வெறும் வைக்கோலில் தழைச்சத்து மிகக் குறைவு என்பதால் அது மக்க நெடுநாளாகும். முயல் புழுக்கையும் சிறுநீரும் சேர்ந்தால் சீக்கிரம் மக்கி மாடித்தோட்டத்துக்கு நல்ல எருவாகிறது. எங்கள் கத்தரிச் செடிகளுக்கு இந்த வருஷம் வேறு உரம் வாங்கவில்லை.

தையிலும் மாசியிலும் விலை இறங்கியிருக்கும்போதே ஆண்டுக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள். தரையில் படாமல் பலகை மேல், காற்று புகும்படி, எலி ஏறாத இடத்தில் அடுக்கி வையுங்கள். தார்ப்பாயால் இறுகச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்; மேலே மட்டும் மூடினால் போதும்.