பட்டியலே பரிசு

1999-ஆம் ஆண்டின் டர்னர் பரிசு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டிரேசி எமினின் 'என் படுக்கை'. கசங்கிய விரிப்பும் காலி மதுப்புட்டிகளும் சிகரெட் துண்டுகளுமாகக் கிடந்த அந்தப் படைப்பு பிரிட்டன் முழுக்கச் சர்ச்சையைக் கிளப்பியது. ஆனால் அந்த ஆண்டு வென்றவர் திரைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்வீன். 1984 முதல் டேட் கலைக்கூடம் வழங்கிவரும் இப்பரிசின் பலமும் பலவீனமும் இந்த முரணில் தெரிகின்றன. சமகாலக் கலையைப் பொதுப் பேச்சாக்கியது இதன் பெரும் சாதனை. அதைச் செய்தது இறுதிப் பட்டியலும் அதையொட்டி நடக்கும் கண்காட்சியும்தான். வெற்றியாளர் அறிவிப்பு அல்ல.

ஒரு படத்தையும் ஒரு படுக்கையையும் எந்த அளவுகோலால் தரம் பிரிப்பது? 2019-இல் மார்கேட் நகரில் காட்சிப்படுத்திய நான்கு கலைஞர்களும், தங்கள் அரசியல் அக்கறைகளைப் போட்டியில் நிறுத்த முடியாது என்று நடுவர்களுக்கு எழுதி, பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பெருந்தொற்று வந்த 2020-இல் ஒற்றைப் பரிசு கைவிடப்பட்டு, 10 பேருக்குத் தலா 10,000 பவுண்ட் உதவித்தொகை தரப்பட்டது. 2021-இல் ஐந்து கூட்டுக்குழுக்கள் மட்டுமே பட்டியலில் இருந்தன. கூட்டுழைப்பைப் போற்றிய அதே மேடை அவர்களையும் ஒருவரோடொருவர் மோதவிட்டது. தொகையிலும் மாற்றம் தெரிகிறது. 2004-இல் வென்றவருக்கு 25,000, மற்றவர்களுக்குத் தலா 5,000 பவுண்ட். அண்மை ஆண்டுகளில் வென்றவரின் தொகை அப்படியே இருக்க, மற்றவர்களுடையது 10,000 ஆகியிருக்கிறது. ஒற்றை வெற்றியாளர் முறையின் மீது பரிசுக்கே பழைய நம்பிக்கை இல்லை.

போட்டி இல்லாவிட்டால் மக்கள் திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்கலாம். எமினைப் பார்க்க வைத்தது வெற்றி அல்லவே. பகிர்ந்தளிப்பது நடுவர்கள் பொறுப்பைக் கைகழுவுவதாகும் என்பது இதைவிட வலுவான வாதம். ஆனால் எத்தனையோ கலைஞர்களிலிருந்து இறுதிப் பட்டியலுக்கு நால்வரைப் பிரித்தெடுப்பதுதான் கடினமான மதிப்பீடு. அது முன்பே முடிந்துவிடுகிறது. கலைஞர் லூபைனா ஹிமிட் 63 வயதில் வென்றதைச் சுட்டி, வெற்றி தரும் அங்கீகாரத்தை மறுக்க முடியாது என்பார்கள். மறுக்க வேண்டியதில்லை. எனினும் கலைஞர்களுக்கு இருந்த 50 வயது வரம்பு 2017-இல் நீக்கப்படாதிருந்தால் அவர் பட்டியலுக்கே வந்திருக்க முடியாது. யார் உள்ளே வரலாம் என்ற விதியே கலை வரலாற்றைத் திருத்தியது. எனவே தொகையை நால்வருக்கும் சமமாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் ஏன் தேர்ந்தோம் என்று நடுவர்கள் விரிவாக எழுதட்டும். வாசகர் மறுத்து வாதிட, ஒரு பெயரைவிட அந்தக் காரணங்களே பயன்படும்.