கதையைத் திருத்தும் உரிமை

தரையில் ஒரு கயிறு. ஒரு முனை பிறந்த நாள், மறுமுனை இன்று. நல்லது நடந்த இடத்தில் பிள்ளை பூ வைக்கும். ஷெல் விழுந்த நாளுக்கும் கடல் ஊருக்குள் புகுந்த நாளுக்கும் கல் வைக்கும். பிறகு ஒவ்வொரு கல்லையும் பற்றிப் பேச்சு. ஆலோசகர் கேட்டதை எழுதிவைத்து அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். "இல்லை, அம்மா அப்ப பக்கத்தில இல்லை" என்று பிள்ளை சொன்னால் திருத்தி எழுதுவார். கடைசியில் முழுக் கதையும் பிள்ளையின் கைக்கே போய்ச் சேரும்.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய இந்தச் சிகிச்சையை, சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினார்கள். வடசென்னையில் மாதவரத்துக்குப் பக்கத்தில், புழல் காவாங்கரை அகதி முகாமில் வாழ்பவர்களும் அதே மண்ணிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். அதனால் இந்த முறையின் நிறைகுறைகள் வடசென்னைக்கும் உரியவை.

நிறை, அதிகாரம் கைமாறுவதில் இருக்கிறது. அதிர்ச்சி மனிதரிடமிருந்து முதலில் பறிப்பது தன் வாழ்வின் மீதான பிடியை; அதைத் திருப்பித் தராத உதவி குணமாக்காது என்று 1992-லேயே வாதிட்டார் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தமிழ் வாழ்க்கைக்குள் வைத்துச் செய்துகாட்டினார். உடம்பு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்களின் பேச்சை அப்படியே ஏற்றார். அவரவருக்குப் பழகிய மந்திரத்தையே மனம் அமைதியாகும் பயிற்சியாக்கினார். இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ஆனால் சான்றுகளை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கயிறும் கல்லும் வைத்த அந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் 31 பிள்ளைகள். ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்; தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களில் 71 சதவீதம். சிகிச்சையே பெறாத குழு ஒன்று ஒப்பிட இல்லை. ஆக, எல்லோரும் நடந்ததைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்பதற்கு இது ஆதாரமாகாது. பேசாமல் மூச்சைக் கவனிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இருக்க வேண்டும். ஆலோசகரும் பாதிக்கப்பட்டவரும் கூட்டாகச் செய்யும் சிகிச்சை என்றால் மறுக்கும் உரிமையும் அதில் சேர்ந்ததே.

2012-இல் வந்த இன்னொரு ஆய்வு மேலும் கலக்கம் தருகிறது. வட இலங்கைப் பள்ளிகளில் 399 மாணவர்களிடம் வகுப்பறையில் குழுவாக நடந்த 15 அமர்வுத் திட்டம் அது. முக்கிய அறிகுறிகளில் ஒட்டுமொத்தப் பலன் இல்லை. திட்டத்தில் சேர்ந்த சிறுமிகளின் அதிர்ச்சி அறிகுறிகள், காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமிகளைவிடக் குறைவாகவே தணிந்தன. போரின் நெருக்கடி அன்றாடம் தொடர்ந்த பிள்ளைகளைவிட, அது குறைந்திருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம்.

இந்தக் கடைசித் தகவல்தான் வடசென்னையின் எண்ணூரில் உறுத்துகிறது. சுனாமி வந்த அதே தேதியில், 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மறுபடி கசியுமோ என்று அஞ்சும் தாயிடம் "நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று எந்த ஆலோசகர் நேர்மையாகச் சொல்ல முடியும்? காவாங்கரையிலும் அப்படித்தான். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவருக்கு, கயிற்றின் 'இன்று' என்ற முனையிலும் ஒரு கல் கிடக்கிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் மனு எழுதவும் அலுவலகம் வரை கூடப் போகவும் ஆலோசகர் தயாராக இருக்க வேண்டும். சிகிச்சை அறைக்குள் மட்டும் கூட்டு என்பது பாதிக் கூட்டு.

இன்னொரு சிக்கல், நம் ஊர் வழக்கம். "நீங்களே சொல்லுங்க டாக்டர், நான் என்ன கண்டேன்" என்று கை கூப்பி நிற்பவரிடம் முடிவைத் தூக்கிக் கொடுத்தால், கைவிடப்பட்டதாகவே அவர் நினைக்கக்கூடும். முதல் சில சந்திப்புகளில் மருத்துவர் வழிகாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பைக் கைமாற்றுவதே சரி. அதற்கு நேரம் வேண்டும். கூட்டம் நெரியும் அரசு புறநோயாளிப் பிரிவில் கிடைக்காதது அதுதான். அந்த இடைவெளியை நிரப்ப அழைக்கப்படும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் அதே கடலையும் அதே போரையும் பார்த்தவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு மூத்த ஆலோசகரும், வேலைக்கு ஒழுங்கான சம்பளமும் திட்டத்தின் முதல் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும்.