நாளை என்னும் மறைவிடம்

இறையியல் நூல் என்றதும் நம்மில் பலர் அதனை மரியாதையோடு அலமாரியில் ஏற்றி வைத்துவிடுகிறோம். அது கற்றோர்க்கு உரியது, வறண்டது, ஓய்வு கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம் என எண்ணுகிறோம். அந்த ஓய்வோ வருவதில்லை. இவ்வாறு தள்ளிப்போடும் மனத்தையே ஆராயும் இறையியல் நூல் ஒன்று உண்டு. புனித அகுஸ்தீனார் ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில் இலத்தீனில் எழுதிய 'ஒப்புகைகள்' என்பதே அது.

இந்நூலின் 13 பகுதிகளும் இறைவனை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டவை. இறைவனைப் பற்றி நமக்குப் பாடம் நடத்தாமல், இறைவனோடு பேசுவதை நம்மைக் கேட்க வைக்கிறார் ஆசிரியர். நூலின் அழகு முதலில் இங்கேதான் இருக்கிறது.

அகுஸ்தீனார் சொல்வன்மையைக் கற்பித்து வாழ்ந்தவர். 384இல் மிலான் நகருக்கு வந்தபின், ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளுக்கு அவர் செவிசாய்த்தது பொருளுக்காக அன்று, நடையழகிற்காகவே. ஆயினும் சொல்லோடு பொருளும் உள்ளே நுழைந்ததை ஐந்தாம் பகுதியில் விளக்குகிறார். அழகு கதவைத் திறந்தது உண்மைதான். எனினும், திறந்த கதவின் முன்னும் மனிதன் நின்றுகொண்டே இருக்கலாம் என்பதை எட்டாம் பகுதி காட்டுகிறது. அறிவு இசைந்துவிட்டது, மனமோ அசையவில்லை. விழித்த பின்னும் எழ மனமின்றிக் கிடப்பவனுக்குத் தம்மை ஒப்பிடுகிறார். 19ஆம் வயதில் சிசரோவின் நூலைப் படித்து ஞானத்தின்மேல் வேட்கை கொண்டவர், அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடத்திவிட்டார். இதைச் சொல்லும் இடத்தில் அவருடைய நடையும் தயங்குகிறது. சின்னஞ்சிறு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நடை இங்கே அணியன்று, சான்று.

386இல் தோட்டத்தில் ஒரு குழந்தைக் குரல் கேட்டு, பவுலடியாரின் திருமுகத்தைத் திறந்து வாசித்த நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். அதற்கு அடுத்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை. முடிவெடுத்த பின்னும், திராட்சை அறுவடை விடுமுறை வரும்வரை ஏறத்தாழ 20 நாட்கள் அவர் ஆசிரியப் பணியில் நீடித்தார். அதைக் குறை சொல்வோர் உண்டு என்பதையும் மறைக்காமல் எழுதியுள்ளார். 387 பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றார். ஒரே கணத்தில் யாவும் மாறிவிடும் என்று எதிர்பார்த்துச் சோர்வோருக்கு இந்த நேர்மை ஆறுதல் தரும்.

ஒன்பதாம் பகுதியோடு நூலை மூடிவிடுவோர் உண்டு. பின்வரும் பகுதிகள் கடினமானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதினோராம் பகுதியில் காலத்தை ஆராயும் ஆசிரியர், எதிர்காலம் நம் எதிர்பார்ப்பில் மட்டுமே உள்ளது என்று காட்டுகிறார். அப்படியாயின், நாம் ஒளிந்துகொள்ளும் 'நாளை' என்பது எங்கே இருக்கிறது? உடன்பிறந்தாரோடு செய்துகொள்ள வேண்டிய ஒப்புரவை எந்த நாளில் வைத்திருக்கிறோம்?

முழு நூலையும் படித்து முடிக்க நேரம் தேட வேண்டியதில்லை. எட்டாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு இன்று மாலையே போதும்.