எழுதிப் பார்த்த கரகரப்பு: ஒரு கிதார் பெடலின் மதிப்பீடு

மின்கிதாரைப் பெருக்கியில் இணைக்காமல் மீட்டிக் கேட்டிருக்கிறீர்களா? கொசு முரலுவது போல மெல்லிய ஒலிதான் வரும். அதன் உடல் கெட்டி மரம். வீணைக்கு இருப்பது போன்ற குடம் அதற்கு இல்லை. எஃகுத் தந்தியின் அசைவை ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் மின் அலையாக மாற்றுகின்றன. ஒரு வோல்ட்டை எட்டுவதே அரிதான அந்தச் சிற்றலையைப் பெருக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்பினால்தான் கச்சேரி. கிதாருக்கும் பெருக்கிக்கும் நடுவே, வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறு பெட்டிதான் பெடல். மிதித்தால் ஒலியின் குணம் மாறும். இவ்வகைப் பெட்டிகளுள் பழையதும் மிகுதியாக விரும்பப்படுவதும் ஒலியைக் கரகரக்கச் செய்யும் டிஸ்டார்ஷன் பெடல்.

இம்முறை நாம் ஆராய எடுத்துக்கொண்டது சற்றுப் புதுமாதிரியானது. பெயர் பெடல்ஷீல்டு ஊனோ. எலெக்ட்ரோஸ்மாஷ் என்ற குழுவினர் இதன் சுற்றுப் படத்தை எவரும் கட்டிக்கொள்ளும் வண்ணம் வெளியிட்டிருக்கின்றனர். பல பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் மேல் இது தொப்பி போல் பொருந்துகிறது. கடையில் வாங்கும் பெடல் எப்படிக் கரகரக்க வேண்டும் என்பதை அதைச் செய்தவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். இதிலோ அந்த முடிவை நீங்கள் நிரலாக எழுதுகிறீர்கள்.

இராயபுரத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறார். மாலையில் கானாக் குழுவொன்றில் கிதார் வாசிக்கிறார். பெடல் வாங்கக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தார். "இன்னாண்ணா, இத்த வாங்கலாமா, இல்ல சாதா பொட்டியே போதுமா?" என்பது அவர் கேள்வி. இரண்டையும் வாங்க அவரிடம் பணமில்லை. ஆகவே படத்தைப் பார்த்துப் பெடலை நானே கட்டி, அவர் வீட்டு மாடியறையில் மூன்று மாலைகள் இருவரும் சோதித்தோம்.

கானாவுக்கு மின்கிதார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டோலக்கும் சட்டியும் போதாதா என்பார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கேட்டவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவில் பறை, சட்டி, டோலக் ஆகியவற்றோடு மின்கிதாரும் சேர்ந்து ஒலிக்கிறது. கானாப் பாடகரின் குரலிலேயே ஒரு கரகரப்பு உண்டு. தெளிந்த கிதார் ஒலி அதன் பக்கத்தில் நின்றால், சலவைச் சட்டையோடு மீன் ஏலத்துக்கு வந்தவர் போல் இருக்கும்.

பழுதில் பிறந்த ஒலி

இந்தக் கரகரப்பை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை; அது பழுதாகவே பிறந்தது. 1958-இல் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் லிங்க் ரே, தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டு அந்த ஒலியைப் பெற்றார். 1960-இல் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றைப் பதிவு செய்தபோது, கலவைப் பலகையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் உறுமலாகப் பதிவானது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதையே டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றை அமைத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அது சரியாக விற்கவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாடலில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் இருப்பு தீர்ந்தது.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி இல்லையா? தம்புராவைப் பாருங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி, அதைச் சற்றே நகர்த்தி, தந்தி ரீங்காரமிடும் இடத்தைத் தேடுகிறார்கள். அதற்கு 'ஜீவா' என்று பெயர். தந்தி வளைந்த குதிரையைத் தொட்டுத் தொட்டு மீளும்போது, மீட்டிய இடத்தைப் பொறுத்து இருக்கவே கூடாத மேற்சுரங்களும் ஒலியில் தோன்றுகின்றன. இதைச் சோதித்து 1921-இல் கட்டுரை எழுதியவர் சர் சி. வி. இராமன். அங்கும் ஒரு முறைமீறலே இசைக்கு உயிர் தருகிறது.

மூன்று வரி நிரல்

இப்போது பெடலுக்குள் வருவோம். கிதாரின் அலையை இது ஒரு நொடிக்குச் சுமார் 31,372 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 1,023 வரை உள்ள ஓர் எண். ஒலியே இல்லாதபோது அது 512-ஐ ஒட்டி நிற்கும். நாங்கள் எழுதிய முதல் நிரலைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எண்ணிலிருந்து 512-ஐக் கழித்து 30-ஆல் பெருக்கு. விடை 300-ஐ மீறினால் 300 என்று வை. மைனஸ் 300-க்குக் கீழே போனால் மைனஸ் 300 என்று வை.

மலை போன்ற அலையின் உச்சியை அரிவாளால் சீவியது போலாகிறது. இதன் விளைவு என்ன? தடித்த தந்திகளுள் ஒன்றை 110 ஹெர்ட்ஸில் மீட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாகப் பிறக்கின்றன. மேல் எல்லையை 300 என்றும் கீழ் எல்லையை 180 என்றும் மாற்றினோம். உடனே 220, 440 ஆகிய இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்தன. ஒலி சற்றுக் கனிந்தது. இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத்தான் நம்ம ஒலி" என்றார்.

ஆனால் பெருக்கத்தை 30-இலிருந்து 200-க்கு ஏற்றியதும் அந்தக் கனிவு போய்விட்டது. காரணத்தைத் தாளில் வரைந்து பார்த்தால் புரியும். மிகுதியாகப் பெருக்கிய அலை, பாதி நேரம் மேல் எல்லையிலும் பாதி நேரம் கீழ் எல்லையிலும் ஒட்டிக்கொள்ளும் சதுர அலையாகிவிடுகிறது. 300-க்கும் 180-க்கும் உள்ள வேறுபாடு வெறும் நேர்மின் அழுத்தமாக எஞ்சி, வழியிலுள்ள மின்தேக்கியால் தடுக்கப்படுகிறது. மறுபடி ஒற்றைப்படை மடங்குகள்தான் மிச்சம். குமிழை முழுக்கத் திருப்பினால் நல்ல ஒலி வரும் என்று எண்ணுபவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

இரு தந்திகளைச் சேர்த்து மீட்டுவது இன்னும் சுவையானது. 110 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான 165 ஹெர்ட்ஸும் வெட்டுக்குள் சேர்ந்து போனால், இரண்டின் மடங்குகளும் ஒன்றையொன்று கூட்டிக் கழித்துக்கொள்கின்றன. 220-இல் 165 போக 55. 330-இல் 110 போக 220. எல்லாமே 55-இன் மடங்குகள், ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இரண்டு விரல் வைத்து வாசிக்கும் ராக் கிதாரின் கனத்த ஒலிக்கு இதுவே காரணம். பஞ்சமத்தை விட்டு அந்தர காந்தாரத்தை, அதாவது கிதாரின் 138.6 ஹெர்ட்ஸைச் சேர்த்தாலோ 81.4, 167.2 என்று உறவில்லாத எண்கள் பிறந்து ஒலி சேறாகிறது. சட்ஜம பஞ்சமப் பொருத்தத்தைத் தம்புரா எவ்வளவு மென்மையாகச் சொல்கிறதோ, அவ்வளவு முரட்டுத்தனமாக இந்தப் பெட்டி அதையே சொல்லிற்று.

இதுவரை கேட்டால் இதை வாங்கிவிடலாம் என்றே தோன்றும். முதல் மாலை எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

தலைகீழாகப் போன சுரம்

இரண்டாம் மாலை, மிக மெல்லிய தந்தியின் 19-ஆவது கட்டில் வாசித்தோம். அதன் அதிர்வெண் சுமார் 988 ஹெர்ட்ஸ். சுரத்தோடு வேறொரு மெல்லிய ஊளையும் கேட்டது. தந்தியை விரலால் சற்று வளைத்துச் சுரத்தை உயர்த்தினால், ஊளை கீழே இறங்கிற்று! எந்த மேற்சுரமும் இப்படி நடக்காது. கமகம் மேலே போக, அதன் நிழல் கீழே போவதை எந்தப் பாட்டில் கேட்டிருக்கிறீர்கள்?

கணக்கு இதோ. நொடிக்கு 31,372 முறை அளக்கும் கருவியால் அதில் பாதியான 15,686 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்ட முடியும். அதற்கு மேற்பட்டவை மடங்கிக் கீழே வந்து விழும். 988-இன் 31-ஆவது மடங்கு சுமார் 30,620. அதை 31,372-இலிருந்து கழித்தால் ஏறக்குறைய 750 ஹெர்ட்ஸ். வாசித்த சுரத்துக்கும் கீழே! சுரத்தை 10 ஹெர்ட்ஸ் உயர்த்தினால் அந்த மடங்கு 310 ஹெர்ட்ஸ் உயரும்; ஆகவே ஆவி 440-க்கு இறங்கும். 29-ஆம், 27-ஆம் மடங்குகளும் இப்படியே மடங்கி ஆவிகளாகின்றன. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போல் தெரிவதும் இதே நிகழ்ச்சிதான்.

பெடலின் நுழைவாயிலில் உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். அது வெளியிலிருந்து வருபவற்றைத்தான் தடுக்கும். இந்த ஆவிகளோ அளவெடுத்த பிறகு, நம் மூன்று வரி நிரலுக்குள்ளேயே பிறந்தவை. இதற்கு மருந்து உண்டு. அளவுகளுக்கு இடையே நான்கு அல்லது எட்டு மடங்கு புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பி, அங்கே வெட்டி, வடிகட்டி, பிறகு பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். விலையுயர்ந்த பெடல்கள் பலவும் இப்படிச் செய்கின்றன. ஊனோ பலகையின் சில்லுக்கு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகள். ஓர் அளவுக்குக் கிடைப்பது சுமார் 510 துடிப்புகளே. சீவுவதற்கு அது தாராளம். நல்ல வடிகட்டிக்கு அது போதாது. சீவும் முனையைக் கூராக விடாமல் வளைவாக எழுதியபோது ஆவிகள் ஓரளவு அடங்கின, முற்றிலும் போகவில்லை.

மற்றொரு குறை, சுரம் தேயும்போது தெரிகிறது. 1,024 படிகளில் அளந்ததை 30-ஆல் பெருக்கினால், கடைசி ஒரு படியின் தடுமாற்றமும் 30 படியாகிவிடும். அடங்கும் சுரம் மணலை இறைப்பது போல் உதிர்கிறது. வடிவமைத்தவர்களைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. அவர்கள் இதைக் கற்பதற்கான கருவியாகவே தருகிறார்கள். ஆனால் மேடைக் கருவி என்று நம்பி வாங்குபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

"ரோட்ல கன்டெய்னர் லாரி போற சத்தத்துல இத்த யார்ணா கேக்கப் போறாங்க?" என்றார் இளைஞர். நியாயமான கேள்விதான். பேரொலி சிற்றொலியை மறைக்கும் என்பது உண்மை. ஆனால் தெருக் கச்சேரியில் கூம்பு ஒலிபெருக்கியும் உண்டு. அது தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிட்டு, நடு அதிர்வெண்களை ஓங்கிச் சொல்லும். நம் 55 ஹெர்ட்ஸின் கனம் அதில் வராது. அதன் மடங்குகளைக் கேட்டு நம் செவி ஊகித்துக்கொண்டால் உண்டு. ஆவிகளில் பலவோ அந்த நடுப்பகுதியிலேயே வந்து விழுகின்றன.

இரண்டு டயோடுகள்

மூன்றாம் மாலை போட்டி வைத்தோம். ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு சிலிக்கன் டயோடுகளை எதிரெதிராக இணைத்து, ஒரு செயல்பாட்டுப் பெருக்கியின் வெளிவாயில் அமைத்தோம். அலை சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் டயோடு கடத்தத் தொடங்கி உச்சியைச் சீவுகிறது. 1970-களின் இறுதியில் வந்த புகழ்பெற்ற பெடல்கள் பலவற்றின் இதயம் டயோடுகளால் சீவும் இதே முறைதான். ஒரு பக்கத்தில் இன்னொரு டயோடைத் தொடராகச் சேர்த்தால் நம் 300-க்கும் 180-க்கும் ஈடான சமமின்மை கிடைக்கும். அளவெடுப்பே இல்லாததால் ஆவியும் இல்லை. தேயும் சுரம் புகை போல அடங்கிற்று. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் வென்றது டயோடுப் பெட்டிதான், ஐயமில்லை.

இடையில் இரண்டும் சேர்ந்து கரமுரவென்று இரைந்தன. பெடல்தான் கெட்டுவிட்டது என்று ஒரு மணி நேரம் வீணாக்கினோம். உண்மையான குற்றவாளி கிதாரின் இணைப்புத் துளையில் பூத்திருந்த துரு. காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பு எந்தச் செருகியையும் விட்டுவைப்பதில்லை. ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்ததும் சரியாயிற்று. இன்னோர் இரைச்சல் மலிவான மின் இணைப்புப் பெட்டியிலிருந்து வந்தது. 9 வோல்ட் மின்கலத்துக்கு மாறியதும் நின்றது. கடலோரத்தில் இருப்பவர்கள் பெடலைப் பழிப்பதற்கு முன் இவ்விரண்டையும் பாருங்கள்.

அப்படியானால் பெடல்ஷீல்டு வேண்டாமா? டயோடுப் பெட்டியில் 300-ஐ 180 ஆக்க வேண்டுமானால் பற்றவைப்புக் கோலை எடுக்க வேண்டும். நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மூன்று மாலைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட வளைவுகளை முயன்றோம். ஆவிகளைச் செவியால் கேட்டதும் இதில்தான். பாடநூலில் மாதிரியெடுத்தல் விதியைப் படித்தபோது அது தமக்கு வெறும் வரியாக இருந்தது என்று இளைஞரே சொன்னார். கற்பதற்கு இதனினும் மலிவான இசை ஆய்வகம் எனக்குத் தெரியாது. மேடைக்கு என்றால் இப்போதுள்ள சில்லோடு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவருக்கு நான் சொன்ன வழி இது: ஊனோ பலகையைக் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்தொப்பிக்கு மட்டும் செலவிடுங்கள். பிடித்த வளைவு கிடைக்கும்வரை நிரலில் தேடுங்கள். கிடைத்ததும் அதற்கு நெருங்கிய டயோடு அமைப்பைத் தகரப் பெட்டியில் கட்டி மேடைக்கு எடுத்துப் போங்கள். அவர் அப்படியே செய்தார். பெட்டியில் ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று. பெருக்கம் 30-க்கு மேல் போகாதபடி குமிழுக்கு முன் ஒரு தடையையும் சேர்த்துவிட்டார். பெட்டியின் மேல் வெள்ளை வண்ணத்தில் '300 / 180' என்று எழுதியிருக்கிறார். குழுவில் மற்றவர்கள் அதை ஏதோ வண்டி எண் என்று நினைக்கிறார்களாம்.