வந்தனம் வேண்டா, வழி விடுக!

ஏடொன்றை மதிப்பிடப் புகுவோர் முதலிலே அதன் பெயரைப் பார்ப்பர். பின்னர் உள்ளே நுழைவர். பெயர் தந்த வாக்கை உள்ளடக்கம் காப்பாற்றியிருக்கிறதா என்று எடை போடுவர். சட்டமும் ஓர் ஏடுதான். பிடிக்காத கதையை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத சட்டம் நம்மை விடாது. ஆகவே தோழர்களே, தோழியரே! 2023 செப்டம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 106ஆவது திருத்தச் சட்டத்தைத் திறனாய்வுக் கண்கொண்டு படித்துப் பார்ப்போம்.

அதன் பெயர் "நாரி சக்தி வந்தன் அதினியம்". தமிழிலே சொன்னால், பெண் சக்தியை வணங்கும் சட்டம். வணக்கமாம்! பெண்ணைத் தெய்வமென்று கும்பிட்டுவிட்டு, மனிதப் பிறவியென்று மதிக்க மறுப்பது இந்த நாட்டின் பழைய தந்திரம். கல்விக்குக் கலைமகள் என்றார்கள். பெண்ணுக்குப் பள்ளிக்கதவை அடைத்தார்கள். செல்வத்துக்குத் திருமகள் என்றார்கள். மகளுக்குச் சொத்தில் பங்கில்லை என்றார்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு கேட்ட சொத்துரிமை, தமிழ்நாட்டிலே சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கும்பிடு வாங்கிய சிலை கேள்வி கேட்காது; பங்கு பெற்ற பெண் கேட்பாள். அதனாலேதான் கும்பிடு எளிதாகக் கிடைக்கிறது, பங்கு கிடைப்பதில்லை. மக்களவையிலேயே கனிமொழி எழுந்து, வணங்க வேண்டாம், சமமாக மதியுங்கள் என்ற கருத்துப்படப் பேசினார்.

பெயரை விட்டு உள்ளே போவோம். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய இடங்களிலும் மூன்றில் ஒன்று அவ்வினப் பெண்களுக்கு. நல்லது! மக்களவையில் 454 பேர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். மாநிலங்களவையில் 214 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் எவருமில்லை. ஆனால் பிற்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள்பங்கு இல்லை. மாநிலங்களவைக்கு ஒதுக்கீடே இல்லை.

இனி வருகிறது 334அ என்னும் பிரிவு. சட்டத்திற்குப் பின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க வேண்டுமாம்; அதன் புள்ளிகள் வெளிவர வேண்டுமாம்; பின்னர் தொகுதிகளை மறுவரையறை செய்ய வேண்டுமாம்; அதற்குப் பிறகே ஒதுக்கீடாம்! பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறிப்பவரை நாம் எள்ளி நகையாடுகிறோம். இதுவோ நாடாளுமன்றமே எழுதிய பஞ்சாங்கம்! 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, சட்டம் வந்த 2023இலும் எடுக்கப்படவில்லை என்பதை அறிந்தே இந்த நிபந்தனையை எழுதினார்கள்.

விளைவு என்ன? 2019இல் 78 பெண்கள் மக்களவைக்குச் சென்றனர். சட்டம் நிறைவேறிய பின் வந்த 2024 தேர்தலிலே 74 பேர். 543இல் மூன்றில் ஒன்று 181. வந்தனம் பாடிய மறு ஆண்டே எண்ணிக்கை நான்கு குறைந்தது!

இருக்கும் 543 இடங்களிலே 181ஐ ஒதுக்கத் தலைகளை எண்ணுவானேன்? 1996இல் முதன்முதல் கொண்டுவரப்பட்டு, பலமுறை தடுக்கப்பட்டு, 2010 மார்ச் 9ஆம் நாள் மாநிலங்களவை நிறைவேற்றி, 2014இல் மக்களவையோடு காலாவதியான முன்வரைவிலே இந்த நிபந்தனை இல்லை. ருவாண்டா நாடு 2003இல் நூற்றுக்கு 30 இடம் என்று அரசியலமைப்பில் எழுதி, அந்த ஆண்டே தேர்தலும் நடத்தியது. 2008இல் அங்கே பெண்கள் பாதிக்கு மேல் அமர்ந்தனர்.

நிபந்தனையிலே இன்னொரு முள்ளும் உண்டு. தொகுதிப் பங்கீடு 1971 கணக்கின் மேல் நிறுத்தி வைக்கப்பட்டது, குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. தலைக்கணக்கு மட்டுமே அளவுகோலானால் 39 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டின் பங்கு சுருங்கும். பிள்ளைப்பேற்றைக் குறைத்து நாட்டின் சுமையைக் குறைத்தவள் யார்? பெண்! அவளுடைய உரிமையையே, அவளுடைய மாநிலத்தின் குரலைக் குறைக்கக்கூடிய ஏற்பாட்டோடு முடிச்சுப் போடுவது என்ன நீதி?

ஒதுக்கீடு இல்லாமலே தகுதியால் வரட்டும் என்பாரும் உளர். அவர்களைச் சுரண்டைக்கு அழைக்கிறோம். இவ்வூர் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் தேர்தல்தோறும் அவர்களையே நிறுத்தக் கட்சிகள் முன்வந்திருக்குமா? கதவைத் திறந்தது கருணையன்று, சட்டம். அக்கதவின் வழியே 2014இல் வசந்தியும் 2024இல் ராணி ஸ்ரீகுமாரும் சென்றனர். உள்ளாட்சியிலோ, 2016ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பாதி இடம் தந்தது. 2022இல் சுரண்டை நகராட்சித் தேர்தலும் அம்முறையிலேயே நடந்தது. தெருவிளக்கைப் பற்றிப் பேசத் தகுதியுடையவள், வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவளா? இந்தச் சீமையிலே மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுபவர் பெண்கள். 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் பிறந்ததும், 1976இல் அவர்தம் நல நிதிச் சட்டம் பிறந்ததும் நாடாளுமன்றத்திலேதான். அவள் கூலியை, அவள் நோய்க்கு மருந்தை, அவள் பிள்ளையின் படிப்பைப் பற்றிய முடிவு நடக்கும் மன்றத்திலே அவளைப்போன்றோர் ஏழில் ஒருவர்கூட இல்லை!

குற்றம் டில்லியோடு நிற்பதன்று. கட்சி பெண்ணை நிறுத்தச் சட்டம் வரவேண்டியதில்லை. 2019இல் ஒரிசாவின் பிஜு ஜனதா தளம் தன் 21 தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்தியது, ஐவர் வென்றனர். 2024இல் திராவிட முன்னேற்றக் கழகமும் 21 தொகுதிகளில் நின்றது, நிறுத்திய பெண்கள் மூவர், மூவரும் வென்றனர்! பெண் நின்றால் தோற்பாள் என்று சொல்லும் வாய்க்கு இதைவிடப் பூட்டு வேண்டுமா? வென்றவர் மூவர் என்று மகிழ்வோம். நின்றவர் மூவர்தானா என்றும் கேட்போம். 1921லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த சென்னை மாகாணத்தின் வழிவந்தோர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தோழர்களே! உங்கள் ஊரிலே வேட்பாளர் தேர்வு நடக்கும்போது எழுந்து நில்லுங்கள். மேடையிலே பெண்மையைப் போற்றும் தலைவரிடம், பட்டியலிலே எத்தனை பெண்கள் என்று எண்ணிக் கேளுங்கள். மாலையும் மலரும் சிலைக்கு ஆகட்டும். பெண்ணுக்கு வேண்டியது நாற்காலி. அதுவும் நாள் குறித்த நாற்காலி!