தூண்டுமொழி மந்திரமும் அதன் பொருள்கோளும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, கதை கூறலையும் கவறுருட்டலையும் ஒருங்கே நிகழ்த்தும் ஆட்டமொன்று 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நூல்வடிவிற் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய அவ்வாட்டத்துக்கு டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்று பெயர். ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் நடுவராயிருந்து ஏனைய மாந்தர்க்கும் விலங்குகட்கும் குரல் கொடுப்பர். இவ்வாட்டத்தில் வழக்குக்கு இடமாவன பெரும்பாலும் மந்திரவிதிகளே. வாள்வீச்சு எண்ணால் முடிவது. மந்திரமோ சொல்லால் அமைவது.

மந்திரவிதிபற்றி எழும் ஐயம் யாவும் ஓரினத்தன எனக் கொள்ளுதல் பிழை. ஐந்தாம் பதிப்பின் ஆடுவோர் கைந்நூல் 2014 இல் வெளிவந்தது. கட்புலனாகாது மறைந்தவனைத் தாக்குவோர்க்கு இடர்ப்பாடும், அவன் தாக்குங்கால் அவனுக்கு அனுகூலமும் உண்டு என்று அந்நூல் விதித்தது. அனுகூலமாவது இருபதுமுகக் கவறை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளுதல். இடர்ப்பாடாவது தாழ்ந்த எண்ணைக் கொள்ளுதல். மறைந்தவனைக் காணவைக்கும் மந்திரமொன்றும் அந்நூலிலேயே உண்டு. அதனை ஓதிக் கண்டவனுக்கும் அவ்விடர்ப்பாடு தொடருமோ எனின், எழுத்தின்படி தொடரும். காணாதார்க்கு மட்டுமே என்னும் வரையறை விதியில் இல்லை. ஈண்டுச் சொல்லில் மயக்கம் ஏதுமில்லை. தெளிவான சொல்லே அறிவுக்குப் பொருந்தாததாயிற்று. 2024 இல் வந்த திருத்தப்பதிப்பு, காணவல்லார்மாட்டு அப்பயன் செல்லாது என ஒரு தொடரைச் சேர்த்தது. வழக்கு ஒழிந்தது; அதற்காக எவரும் இரங்கவேண்டுவதில்லை.

‘சஜெஷன்’ எனப் பெயரிய மந்திரத்தின் நிலை வேறு. தமிழில் அதனைத் தூண்டுமொழி எனலாம். மந்திரவாதி ஓரிரு வாக்கியத்தில் ஒரு செயலைச் சொல்ல, கேட்டவன் மனத்திட்பத்தாற் கவறுருட்டித் தப்பாவிடின், அதனைச் செய்யப் புகுவான். மந்திரம் எட்டு மணி நேரம்வரை நிற்கும். சொல்லப்படும் செயல் நியாயமானதாகத் தோன்றுமாறு மொழிதல் வேண்டும் என்பது 2014 ஆம் ஆண்டு விதி. தன்னைத்தானே குத்திக்கொள்ளல் போன்ற வெளிப்படையான கேட்டை ஏவின் மந்திரம் அற்றுப்போம். இவ்வளவில் நிறுத்தியிருப்பின் விதி குறுகியதென்றே எவரும் கருதுவர். ஆனால் நூலாசிரியர் ஓர் எடுத்துக்காட்டுந் தருகின்றார்: வீராங்கனையொருத்தி தன் போர்க்குதிரையை வழியில் முதலிற் காணும் இரவலனுக்குக் கொடுத்துவிடத் தூண்டலாம். போர்மகள் குதிரையை இழப்பது நியாயமாகுமா? ஆகாது. ஆயின் நியாயமாதல் வேறு, நியாயமாகத் தோன்றுமாறு மொழிதல் வேறு. விதியின் உயிர் ‘தோன்றுமாறு’ என்னும் அவ்வொரு சொல்லில் உள்ளது. உரைநூல்களிற் பழகியோர் இதனை எளிதில் உணர்வர். சூத்திரம் மூடிவைத்ததை எடுத்துக்காட்டுத் திறந்துவிடுதல் அவர்க்குப் புதிதன்று.

பழைய நூல் இன்னும் துணிந்து பேசிற்று. 1978 இல் கைகாக்ஸ் எழுதிய கைந்நூலில், அமிலக்குளமொன்றைத் தூயநீரெனக் கூறி, ஒருமுறை மூழ்கின் உடல் குளிரும் என்று தூண்டுதலும் ஏற்புடையதாகவே காட்டப்பட்டது. இறங்குவோன் மாள்வான் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கேடு அவனுக்கு வெளிப்படையன்று. ‘வெளிப்படை’ என்பது யார் கண்ணுக்கு என்னும் வினா அன்றே எழுந்தது.

மந்திரத்தின் பெயரைச் சான்றாகக் கொண்டு, தூண்டுதல் வெறும் ஆலோசனையே எனச் சுருக்குவாரும் உளர். பெயர் நல்ல சான்றன்று. 2014 ஆம் ஆண்டு நூலில் ‘சில் டச்’, அதாவது குளிர்தீண்டல், எனப்பட்ட மந்திரம் குளிரால் ஊறு செய்வதுமன்று, தீண்டிச் செய்வதுமன்று. நூற்றிருபது அடிக்கப்பால் நின்றும் ஏவத்தக்கது. பெயரினுஞ் சிறந்த சான்று வரிசைநிலை. ஒரு சொல்லால் ஏவும் கட்டளை மந்திரம் முதலாம் நிலையது. மனிதனை முற்றாக ஆட்கொள்ளும் மந்திரம் ஐந்தாம் நிலையது. தூண்டுமொழி இரண்டாம் நிலையது. கேட்டதெல்லாம் செய்விக்கும் என விரித்தால் ஐந்தாம் நிலை வறிதாகும். கேட்போன் தானே விரும்புவதை மட்டும் செய்விக்கும் எனச் சுருக்கினால் முதலாம் நிலைக்கும் கீழ்ப்படும். இவ்விரு கரைகளுக்கிடையே நடுவர் எவ்விடத்து நிற்பினும் குற்றமில்லை. ஆனால் நிற்குமிடத்தை முன்னரே கூறாமை குற்றமாகும். மூன்றாம் படியிலுள்ள மந்திரவாதி ஓய்வெடுக்குமுன் இரண்டாம் நிலை மந்திரத்தை இருமுறையே ஓதவல்லவன். ஒரு பொருளை நம்பி அவன் ஓதியபின், நடுவர் வேறொரு பொருள் கூறி மறுப்பாராயின், போவது அம்மந்திரம் மட்டுமன்று. அடுத்தமுறை அவ்வாடுவோர் சூழ்ச்சி எதனையும் எண்ணாது வாளையே உருவுவர்.

விதிகளை விளக்கிவந்த ஜெரமி குறோபட், எழுத்து, கருத்து, களிப்பு என்னும் மூன்றையும் நோக்கி முடிவுகூறுதல் வேண்டும் என்றார். நடுவருக்கு இவ்வுரிமையை ஒப்புக்கொண்டது நன்று. ஆயினும் மூன்றும் முரணுங்கால் எது முந்துவது என்பதிலேயே வழக்கு மீண்டும் தொடங்குகின்றது.

2024 ஆம் ஆண்டுப் பதிப்பு தூண்டுமொழியையும் திருத்திற்று. இருபத்தைந்து சொல்லுக்கு மேற்படலாகாது என எல்லை வகுத்தது. (தமிழில் ஓதுவோர்க்கு இஃது ஓர் எல்லையே அன்று, ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் வேண்டுவதைத் தமிழ் ஒரு வினைமுற்றில் அடக்கும்.) நியாயமாகத் தோன்றல் நீங்கி, செய்யக்கூடியதாகத் தோன்றல் போதும் என்றாயிற்று. வழக்குகள் குறையும் என்பது மெய். ஆனால் மறைந்தவன் விதியைத் திருத்தியதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே விடுபட்டது சேர்ந்தது; இங்கே வேண்டுமென்றே திறந்துவைத்த வாயில் அடைபட்டது. முன்னர், குதிரையைக் கொடுக்கச் சொல்பவர், அது கொடைமறமாகும், இரவலன் மாறுவேடத்து மன்னனாகவும் இருக்கலாம் என்றெல்லாம் மேசையில் நாவன்மை காட்டவேண்டியிருந்தது. இப்பொழுது கொடு என்றாற் போதும். கொடுத்தல் இயலாத செயலன்றே. இழந்தது மயக்கமன்று, ஆட்டத்தின் ஒரு சுவை.

இத்தனைக்கும் மயக்கம் முற்றாக நீங்கிற்றா எனின், இல்லை. இலக்காவார்க்கேனும் அவர்தந் துணைவர்க்கேனும் வெளிப்படையாக ஊறு விளைப்பதை ஏவலாகாது என்னும் வரையறை புதிய விதியிலும் நிற்கின்றது. யார்க்கு வெளிப்படை என்பதை அதுவும் கூறவில்லை. கைகாக்ஸின் அமிலக்குளம் தூர்ந்துபோகவில்லை. அதில் ஒருவனை இறக்கலாமா என்பதை இன்றும் நடுவரே சொல்லவேண்டும், கவறு உருளுமுன்.